பொட்டு வைக்காத நாடா

அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்குக் கனகலட்சுமியைத் தெரியும். ஓடுகிற தறியில் பாவு அறுந்து, நல்ல சேலை நடுவில் ஓட்டையோடு நின்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, முடிச்சு மேலே வராமல் நெசவுக்குள் இறக்கிவிடுவாள். வேலை முடிந்ததும் முதலாளி சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "எங்கம்மா அறுந்துச்சு?" என்று கேட்பார். அவர் அப்படிக் கேட்டால் அவள் வேலை சரி. கேட்காமல் ஒரு இடத்தில் விரலை வைத்துவிட்டால், அவிழ்த்துவிட்டு மறுபடி உட்காருவாள்.

சேலைத்தறிகள் நின்றபோது அவள் யாரிடமும் புலம்பவில்லை. பாலவனத்தம் ரோட்டில் இருக்கிற நாடாக் கம்பெனிக்கு வந்துவிட்டாள். திருச்சுழிப் பக்கம் அவள் ஊருக்குக் கம்பெனி வேன் போகும். நைட் ஷிப்ட். நானும் அதே ஷிப்ட்தான். நாடாவை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து அறுகிறவரை இழுக்கிற மெஷின் ஒன்று உண்டு. கட்டுக்கு ஒரு துண்டை மட்டும் அதில் சோதிப்பது எனக்கு வேலை.

முதலில் கட்டில் நாடாவும் பள்ளிக்கூடப் பை வாரும் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கோ ஒரு நாட்டில் சண்டை தொடங்கியது. டிவியில் பார்த்தோம், மறந்தோம். சில மாதம் கழித்து எங்கள் நூலின் நிறம் மாறியது. ஆரஞ்சும் நீலமும் போய், எல்லாத் தறியிலும் சாணிப் பச்சை ஓடியது. நாடாவை அளவாக வெட்டி, இரண்டு முனையிலும் வளையம் தைத்து, வாராகக் கட்டிக் கப்பலுக்கு அனுப்பினோம். மிலிட்டரிக்கு என்று மட்டும் சொன்னார்கள். மிலிட்டரியில் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நிறத்தோடு ஒரு விதியும் வந்தது. ஒரு இழை இரண்டு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டலாம். கொத்தாக அறுந்தால் அந்த இடத்தில் சிவப்பு நூல் கோத்துக் கட்ட வேண்டும். தையல் பகுதியில் சிவப்பைக் கண்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வார் தைப்பார்கள். வாங்குகிறவர்கள் போட்ட விதி அது. அவர்கள் ஊரிலும் சிவப்பு என்றால் பழுதுதான். எங்கள் பெண்கள் அதற்குப் பொட்டு என்று பேர் வைத்தார்கள்.

எந்த ஷிப்டில் எத்தனை பொட்டு என்று வாசலில் போர்டில் எழுதுவார்கள். பொட்டு குறைந்த ஷிப்டுக்கு மாசக் கடைசியில் பிரியாணி. விதி வாங்குகிறவனுடையது, பிரியாணி எங்கள் முதலாளியுடையது. பிரியாணி அந்த விதியைத் தின்றுவிடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரியாணி எப்போதும் எங்கள் ஷிப்டுக்குத்தான் வந்தது. கனகலட்சுமி தறியில் பொட்டு விழுவதே இல்லை.

பக்கத்துத் தறி சந்தனத்துக்கு வாய் சும்மா இருக்காது. "அக்காளுக்கு நெத்தியிலயும் பொட்டு கெடையாது, நாடாவுலயும் பொட்டு கெடையாது."

கனகலட்சுமியின் புருசன் செத்து வெகுகாலம். அவள் தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொல்வாள். "பொட்டு வச்ச நீ என்னத்தடீ கிழிச்ச? நாடாவத்தான கிழிச்ச."

எல்லாரும் சிரிப்போம். தறிச் சத்தத்தில் பாதிச் சிரிப்பு கேட்காது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்ததும் யாரையும் வேனில் ஏற விடவில்லை. பெரிய ஆர்டர் முடிந்துவிட்டது, முதலாளி ராஜகுரு எல்லாரையும் சாப்பாட்டு ரூமுக்கு வரச்சொல்கிறார் என்றார்கள். ஆளுக்கொரு லட்டு, காராச்சேவு. வெளியே மதார் சாகிபுவின் லாரியில் கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்தது. ராஜகுரு டிவியில் போனை இணைத்து ஒரு வீடியோவைப் போட்டார். வாங்குகிறவர்கள் அனுப்பியதாம்.

"நாம செய்யிற வேலை எங்க போயி நிக்குதுன்னு பாருங்க," என்றார். அவருக்கு நிஜமாகவே பெருமை. குறை சொல்ல முடியாது.

இடிந்த கட்டடங்கள். மேலே ஹெலிகாப்டர் நின்றது. கீழே ஸ்ட்ரெச்சரில் ஒருவனைக் கட்டிவைத்திருந்தார்கள். முகமெல்லாம் துணி சுற்றியிருந்தது. ஸ்ட்ரெச்சரின் நான்கு மூலையிலிருந்தும் நான்கு வார் போய் ஒரு கொக்கியில் சேர்ந்தது. சாணிப் பச்சை வார். கொக்கி மேலே இழுத்தது. அவன் தரையை விட்டு எழும்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே போனான்.

சந்தனம் கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். கனகலட்சுமி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இது நம்ம நாடாவா?"

"நம்மளதுதான்க்கா."

"அந்த ஆளு உசுரோட இருக்கானா?"

"அடிபட்டவன். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாக."

"நடுவுல அறுந்துச்சுன்னா?"

ராஜகுருவுக்கு அது கேட்டுவிட்டது. "அறுகாதும்மா. பொட்டு இருக்குற எடத்தயெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டுத்தான தைக்கிறோம்."

அவள் லட்டைத் தட்டில் வைத்தாள். "சார், நான் பொட்டு வைக்கல."

"என்னது?"

"கொத்தா அறுந்தாலும் வைக்கல. எடுத்து முடிஞ்சு உள்ள விட்டுட்டேன். தெரியாது."

சூப்பர்வைசர் சோலைச்சாமி காராச்சேவை மென்றுகொண்டே நின்றுவிட்டார். "ஏம்மா, எத்தன தடவ சொன்னேன், கொத்தா அறுந்தா பொட்டு வையின்னு."

"வையின்னீக. எதுக்குன்னு சொல்லலயே. அறுந்தது தெரியாம இருக்கணும்னுதான நான் இத்தன வருசமா வேலை பாத்துருக்கேன்."

சோலைச்சாமிக்கும் எதற்கென்று தெரியாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ராஜகுரு ஆட்களை அனுப்பிவிட்டு, அவளையும் சோலைச்சாமியையும் என்னையும் குடோனுக்குக் கூட்டிப் போனார். ஏற்றாமல் மிச்சமிருந்த கட்டுகளைப் பிரித்துப் போட்டார். எந்தத் தறி நாடா எந்த வாரானது என்று சொல்ல வழியில்லை. தையலுக்குப் போகும்போதே எல்லாம் கலந்துவிடும்.

"நீதான முடிச்சுப் போட்ட. நீயே எடுத்துக் குடு," என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வாரை இடது கையால் இழுத்து வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடவிட்டாள். ஒன்று போனது. இன்னொன்று. சில இடங்களில் விரல் நின்றது. திருப்பிப் பார்ப்பாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், வளைப்பாள், பிறகு தலையை ஆட்டிக் கீழே போடுவாள். கட்டுக் கட்டாகப் பார்த்தாள். வியர்வையில் விரல் வழுக்க, சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை.

"உன் கைக்கே தெரியலன்னா, இல்லன்னுதான் அர்த்தம்," என்றார் ராஜகுரு. அவர் குரலில் தெம்பு வந்திருந்தது.

"இல்ல சார். இருக்கு."

பிளேடு கேட்டாள். ஒரு வாரை எடுத்து நடுவில் ஒரு கொத்து இழையை அறுத்தாள். என் மேசைக்குப் போய் உட்கார்ந்து, ஊசியும் எச்சிலுமாக அதைச் சேர்த்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி இன்னும் நான்கு வாரை அதோடு கலந்து நீட்டினாள். ராஜகுரு தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தார். சோலைச்சாமி வேறொன்றை எடுத்தார். இரண்டும் இல்லை என்றாள். நான் ஐந்தையும் மெஷினில் மாட்டினேன். நான்கு வார் முள் போக வேண்டிய இடத்தையும் தாண்டித் தாங்கின. ஐந்தாவதில் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. டப்பென்று போனது. அறுந்த நுனி என் புறங்கையில் அடித்தது.

ராஜகுரு அறுந்த வாரைக் குனிந்து எடுத்தார்.

"எத்தன எடத்துல இப்படி?"

"கணக்கு வச்சதில்ல சார்."

"ஒண்ணு ரெண்டா, நூறா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

ராஜகுரு அறுந்த வாரைக் கையில் சுற்றிக்கொண்டே நடந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை கப்பல். இத நிறுத்துனா அங்க வாரே போகாது. வார் இல்லாம தரையில கெடக்குறவன் கண்டிப்பாச் செத்துருவான். வார் இருந்தா பத்துல ஒம்பது பேராவது மேல போவான். நீயே சொல்லு, நிறுத்தவா?"

அவள் பிளேடை என் மேசையில் வைத்தாள்.  அந்தக் கேள்வியை இன்றைக்கும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் தப்பான ஆளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிமேப்பட்டு பொட்டு வையி," என்று சொல்லிவிட்டு, மிச்சக் கட்டுகளையும் ஏற்றச் சொன்னார். தார்ப்பாய் மூடி, கயிறு இறுக்கி, லாரி கிளம்பியது. துறைமுகத்துக்குப் போய்த்தான் கண்டெய்னரில் மாற்றுவார்கள்.

வேன் எப்போதோ போய்விட்டது. நான் பைக்கை எடுத்தேன். அவள் கட்டைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"திருச்சுழி பஸ்ஸுல ஏத்தி விடட்டுமா?"

"வேண்டாம். மதார் பாய் பந்தல்குடியிலதான நிப்பாரு? இன்னைக்கு ஜும்மா தொழுகைல்ல."

பைக்குள் என்ன என்று கேட்டேன். திறந்து காட்டினாள். சிவப்பு நூல் கோன் ஒன்று. இரண்டு கோணி ஊசி.

பந்தல்குடியில் பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில் லாரி நின்றது. மதார் சாகிபு டேங்க் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். இந்த ரோட்டில் முப்பது வருசமாக லோடு அடிக்கிறவர். எங்களைப் பார்த்ததும், "என்ன கனகம், லாரில ஏறி ஊரு பாக்கப் போறியா?" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"தார்ப்பாய அவுத்து விடுங்க. முடிஞ்ச மட்டும் பொட்டு வைக்கிறேன். சிவப்பப் பாத்தா அவுக கழிச்சுப்புடுவாக."

"எது பழுதுன்னு ஒனக்கே தெரியலங்குற. நல்லதுலயும் வைப்ப?"

"கையில வர்றதுல எல்லாம் வைப்பேன்."

"நல்லா இருக்கு ஞாயம். லோடு ஏத்துனா எறக்குற வரைக்கும் என் பொறுப்பு. உள்ள இருக்குறது எனக்கும் தெரியக்கூடாது, இன்னொருத்தனும் தொடக்கூடாது. அதான் தொழிலு."

அவள் கெஞ்சவில்லை. "ஒங்க வீட்டுல நல்லாருக்காகளா?" என்றாள்.

மதார் சாகிபு சிரித்துவிட்டார். அவர் மனைவி அப்ரோஸ் பேகத்தின் நிக்காஹ் சேலை ஒரு பெட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தபோது, அதைச் சேர்த்துக் கொடுத்தவள் இவள்தான். "இன்னைக்கும் அவ அந்தச் சேலைய விரிச்சு வச்சுத் தேடிக்கிட்டுத்தான் இருக்கா, எங்க கிழிஞ்சுச்சுன்னு," என்றார். சிரிப்பு நின்றது. அவருக்கும் அப்போதுதான் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும்.

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "தொழுதுட்டு வாரேன். இன்னைக்கு பயான் பேசி முடிக்க நேரமாகும். நான் வர்றப்ப கயிறு இப்ப இருக்குற மாதிரியே இருக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது."

நாங்கள் பின்பக்கக் கயிற்றை அவிழ்த்து உள்ளே ஏறினோம். தார்ப்பாய்க்குள் அடுப்பு மாதிரி இருந்தது. கட்டைப் பிரித்து, ஒவ்வொரு வாரிலும் வளையத்துக்குப் பக்கத்தில் ஊசியை விட்டுச் சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். அவள் நான்கு கட்டுகிற நேரத்தில் நான் ஒன்று கட்டினேன். எனக்கு முடிச்சும் சரியாக வராது, நூலை அளவாக அறுக்கவும் தெரியாது. வால் வாலாகத் தொங்கியது.

"என்ன தம்பி இது, ஆட்டுக் கழுத்துல கயிறு கட்டுன மாதிரி."

"அறுந்துறாதுல்லக்கா. போதும்."

அவளுடையது வேறு மாதிரி. நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை வளையத்தின் மடிப்புக்குள் தள்ளி, மிச்சத்தைப் பல்லால் ஒட்டக் கடித்துவிடுவாள். தையலோடு தையலாகப் படிந்து கிடக்கும். அவசரத்திலும் அந்தக் கைக்கு அசிங்கமாக ஒன்று செய்ய வரவில்லை. நான் அதைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே எத்தனையோ கட்டு. நாங்கள் தொட்டது கதவுப் பக்கம் இருந்தவற்றைத்தான். பள்ளிவாசலில் இருந்து ஆட்கள் வெளியே வரும் சத்தம் கேட்டபோது அவள் இன்னொரு கட்டை இழுத்தாள்.

"போதும்க்கா. வாராரு."

"இதுல ஒண்ணு மட்டும்."

"எறங்குங்கக்கா."

கயிற்றை இறுக்கிவிட்டு மரத்தடிக்கு வந்தோம். மதார் சாகிபு முடிச்சுகளை ஒரு தடவை பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து லாரியை எடுத்தார். தூத்துக்குடி ரோட்டில் அது சின்னதாகிற வரைக்கும் அவள் நின்றாள். கையில் கோன் பாதி தீர்ந்திருந்தது.

புகார் வரும் என்று காத்திருந்தோம். பாதி லோடு திரும்பும், ராஜகுரு கூப்பிட்டுக் கேட்பார், வேலை போகும் என்று அவள் தயாராகவே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த ஆர்டர்தான் வந்தது. சிவப்பை யாரும் பார்க்கவே இல்லையோ என்று, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் அதற்குப் பிறகு ஒரு இழை அறுந்தாலும் பொட்டு வைத்தாள். எங்கள் ஷிப்ட் போர்டில் கடைசிக்குப் போனது. பிரியாணி மற்ற ஷிப்டுக்குப் போனது. வேனில் அவளுக்கு இடம் பிடித்து வைப்பதைச் சந்தனம் நிறுத்தினாள். சோலைச்சாமி வந்து, "ஏம்மா, அன்னைக்கு வைக்காம கெடுத்த, இன்னைக்கு வச்சுக் கெடுக்குற," என்றார். அவளைத் தறியிலிருந்து எடுத்து நூல் சுற்றுகிற இடத்தில் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் வேனுக்கு வருவதும் நின்றது.

நானும் நின்றுவிட்டேன். கொள்கையெல்லாம் இல்லை. மெஷினில் வார் அறுகிற சத்தம் கேட்டால் அடுத்ததை மாட்டாமல் உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவுதான். இப்போது பகலில் ஒரு உரக்கடையில் மூட்டை எண்ணுகிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை, பழக்கதோஷம்.

கம்பெனியின் வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை. மாசி மாதம் அதில் சோலைச்சாமி ஒரு வீடியோ போட்டிருந்தார். கீழே இரண்டு கும்பிடு. நான் கடையில் நின்றபடியே பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறி, திருச்சுழியில் இறங்கி, அவள் ஊருக்கு மினி பஸ் பிடித்தேன்.

கனகலட்சுமி வீட்டுக்கு முன்னால் களத்தில் கொத்தமல்லி காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி," என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளறுவதை நிறுத்தினாள். "சேதி வந்துருச்சா?"

போனைக் கொடுத்தேன். வெயிலுக்கு முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

இந்தத் தடவை கட்டடம் இல்லை, பனி. வெள்ளைத் தரையில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் ஒருவன், கண் திறந்திருந்தது. நான்கு பேர் வாரைக் கொக்கியில் மாட்டிவிட்டு விலகி ஓடினார்கள். ஹெலிகாப்டர் காற்றில் பனி பறந்தது. ஸ்ட்ரெச்சர் எழும்பியபோது தலைமாட்டு வாரில், வளையத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு நூல் வால் படபடவென்று அடித்தது.

"பொட்டு," என்றாள்.

"ஆமாக்கா."

"பாத்தும் மாட்டிட்டாக."

"வேற வார் இருந்துருக்காது. இல்ல, நேரம் இருந்துருக்காது."

நான் படத்தை நிறுத்திக் கொடுத்தேன், அவள் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள். மற்ற மூன்று வாரையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பச்சையைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அந்தச் சிவப்புக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நீங்க கட்டுனது," என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன்.

"இம்புட்டு நீளத்துக்கு நான் விடமாட்டேன்." கட்டைவிரல் திரையின் மேல் ஓடியது, வாரின் மேல் ஓடிய மாதிரியே. "மத்த மூணுலயும் நான் கட்டியிருந்தாலும் கட்டியிருப்பேன். என்னது தெரியாது தம்பி. பக்கத்துல நின்னு பாத்தாக்கூடத் தெரியாது. அந்தக் குளுருல, அந்த அவசரத்துல, எவன் உத்துப் பாப்பான்?"

நான் வீடியோவை ஓடவிட்டேன். 

வீடியோவில் ஸ்ட்ரெச்சர் சுற்றிக்கொண்டே மேலே போனது. பாதி உயரத்தில் படம் நின்றது.

"மேல போயிச் சேந்துட்டானா?"

"அதோட முடிஞ்சிருச்சுக்கா. அம்புட்டுத்தான் அனுப்பியிருக்காக."

அவள் மல்லிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். போனை என்னிடம் நீட்டினாள்.

"திரும்பப் போடுங்க."

போட்டேன். அவன் மறுபடியும் தரையை விட்டு எழும்பினான்.